வெள்ளையர் என்னும் வகையீடு: அமெரிக்கச் சமூக உருவாக்கத்தில் நிறமும் வர்க்கமும்

ஈழத்துத் தமிழ் வழக்கில் 'வெள்ளைக்காரன்' என்னும் சொல் நிறத்தைக் குறித்ததிலும் பார்க்க அதிகாரத்தையே கூடுதலாகக் குறித்து வந்துள்ளது. கச்சேரியில் அமர்ந்திருந்த ஏசண்டர், தோட்டத்துப் பெரியதுரை, மிஷன் பாடசாலையை நடத்திய பாதிரியார் ஆகியோரே எம்மவர் கண்ட வெள்ளையர். கூலிக்கு உழைத்த வெள்ளையனையும், கடன்பட்டு ஓடி ஒளிந்த வெள்ளையனையும், கையெழுத்திடத் தெரியாத வெள்ளையனையும் அவர்கள் பெரும்பாலும் கண்டதில்லை. இதனால் வெள்ளையர் என்றதும் ஆளும் வர்க்கம் என்று பொருள்கொள்ளும் பழக்கம் எம்மிடையே ஊன்றிவிட்டது. குடியேற்ற நாடொன்றின் அநுபவத்தை மனங்கொள்ளும்பொழுது இது இயல்பானதே. ஆயின் வெள்ளையர் என்னும் இன அடையாளம் எவ்வாறு தோன்றியது, சமூகத்தில் அது ஆற்றிய பணி யாது என்னும் வினாக்களுக்கு விடைகாண முற்படும்போது இப்பழக்கம் தடையாகி விடுகின்றது. அவ்வடையாளத்தின் வரலாற்றிற் பெரும்பகுதி, உடைமை ஏதுமற்றிருந்த உழைப்பாளிகள் தம்மை வெள்ளையர் என உணரத் தொடங்கியமையின் வரலாறாகும். அது மிகத் தெளிவாகப் புலப்படுவது ஐக்கிய அமெரிக்காவிலேயாதலின் அந்நாட்டையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டப்படுகின்றது. மேனி நிறத்தை விதந்து பேசுவதும், மணமகளுக்குச் சிவந்த நிறம் வேண்டுமென்று கேட்பதும் பல சமூகங்களிலே காணப்படுவன. நிற வேறுபாட்டை ஐரோப்பியர் அறியாதிருந்த காலமும் இல்லை. 1604 இல் இங்கிலாந்து அரச சபையில் நடிக்கப்பெற்ற 'ஒதெல்லோ' நாடகத்திலே மூர் இனத்துத் தளபதியின் கருமை வசைக்குரியதாகின்றது. எனினும் அந்நாடகத்தில் அவனை இழிவுபடுத்துவோர் தம்மை வெனிஸ் நகரத்தவராகவும் கிறித்தவராகவுமே காண்கின்றனர்; 'வெள்ளையர்' என்ற ஒரு கூட்டத்தின் உறுப்பினராகத் தம்மை அவர்கள் எண்ணிக்கொள்வதில்லை. நிறத்தைக் கண்ணாற் காண்பது வேறு. அந்நிறத்தின் அடிப்படையில் உரிமைகளும் கடமைகளும் உடைய ஒரு குழுமம் அமைவது வேறு. இங்கு நாம் ஆராய்வது பின்னதனையே.

வேர்ஜீனியாக் குடியேற்றம் 1607 இல் ஜேம்ஸ்டவுனில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுள் புகையிலை அதன் பொருளாதாரத்தின் உயிர்நாடியாயிற்று. புகையிலைக்கு நிலம் ஏராளமாக இருந்தது, உழைப்பாளர் இருக்கவில்லை. இங்கிலாந்தின் வறியவர்கள் கப்பற் செலவுக்குப் பதிலாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தஞ் செய்து கொண்டுவரப்பட்டனர். இவ்வொப்பந்தப் பணியாளரை எசமானர்கள் விற்றனர், வாங்கினர், சாட்டையால் அடித்தனர். தவணை முடியுமுன்னரே மாண்டவர் பலர். 1619 ஒகஸ்ட் மாதத்தில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆபிரிக்கர் அக்கரையில் இறக்கப்பட்டபோது, அவர்கள் வந்து சேர்ந்தது இத்தகைய அடிமையொத்த உழைப்பு முறையொன்றினுள்ளேயே. அவர்களுட் சிலர் காலப்போக்கில் விடுதலை பெற்றனர். அன்ரனி ஜோன்சன் என்ற ஆபிரிக்கர் 1650களில் 250 ஏக்கர் நிலத்துக்கு உரித்தாளியாக இருந்தார். அவரிடமும் வேலையாட்கள் இருந்தனர். ஆபிரிக்கரும் ஆங்கிலேயரும் ஒரே வயலில் உழைத்து, ஒன்றாகவே தப்பியோடியமைக்கும் நீதிமன்றப் பதிவுகள் சான்றாகின்றன.

அத்தகைய பதிவொன்று விரிவாக நோக்கத்தக்கது. 1640 இல் ஒரே எசமானிடமிருந்து மூன்று பணியாளர் தப்பியோடி மேரிலாந்திற் பிடிபட்டனர். ஒருவர் ஒல்லாந்தர், ஒருவர் ஸ்கொத்லாந்தர், மூன்றாமவர் ஜோன் பன்ச் என்ற நீக்ரோ. மூவருக்கும் கசையடி விதிக்கப்பட்டது. முதலிருவருக்கும் மேலும் நான்கு ஆண்டு உழைப்பு தண்டனையாயிற்று. ஜோன் பன்ச் தம் வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. குற்றம் ஒன்றே, தண்டனை இரண்டு. ஆனால் அத்தீர்ப்பில் ஒல்லாந்தரும் ஸ்கொத்லாந்தரும் ஒரே பெயருள் அடக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இருவரையும் ஒன்றிணைக்கும் பொதுச்சொல் சட்டத்தின் மொழியில் அன்று தேவைப்படவில்லை. தம்மைச் சுட்டும்போது குடியேறிகள் 'கிறித்தவர்' என்றும் 'ஆங்கிலேயர்' என்றுமே பெரிதும் எழுதினர். ஞானஸ்நானம் பெற்ற ஆபிரிக்கர் விடுதலை கோரத் தலைப்பட்டதும் முதற்சொல் பயனற்றுப் போயிற்று. ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாது என 1667 இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், குழந்தையின் நிலை தாயின் நிலையையே பின்பற்றும் என்ற சட்டமும் வந்துவிட்டது. தந்தைவழி உரிமையைப் போற்றிய ஆங்கிலச் சட்ட மரபு, எசமானின் இலாபம் கருதித் தலைகீழாகிய இடம் அது.

1676 இல் நிகழ்ந்த பேக்கன் கலகம் இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். ஒப்பந்தத் தவணை முடிந்த வறியவர்களுக்கு நல்ல நிலம் எஞ்சியிருக்கவில்லை. ஏழு பேரில் ஆறுபேர் ஏழைகளாகவும் கடனாளிகளாகவும் அதிருப்தியுற்றோராகவும் அதேவேளை ஆயுதம் தாங்கியோராகவும் உள்ள மக்களை ஆளவேண்டியிருப்பது பற்றி ஆளுநர் பேர்க்லி அவ்வாண்டிலே கடிதமொன்றிற் புலம்பியிருக்கிறார். கலகத்துக்குத் தலைமை தாங்கிய நதானியல் பேக்கன் ஒரு நிலவுடைமையாளன். செவ்விந்தியரின் நிலங்களைப் பறிப்பதே அவனது முதல் நோக்கமாக இருந்தது. இதனை மறைத்து அவனை மக்கள் தலைவனாக்குவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். ஆயினும் கலகம் அவனது கையைக் கடந்து சென்றது. பணியாளரும் அடிமைகளும் விடுதலை வாக்குறுதியை நம்பி அதிற் சேர்ந்தனர். செப்டெம்பரில் ஜேம்ஸ்டவுன் எரிக்கப்பட்டது. ஒக்டோபரில் பேக்கன் நோயால் இறந்த பின்னரும் போர் நீடித்தது. சரணடையச் செய்வதற்காக அனுப்பப்பட்ட கப்பற்தலைவன் கிராந்தம், ஆங்கிலேயரும் நீக்ரோக்களுமாக ஏறத்தாழ நானூறு பேர் ஆயுதங்களுடன் ஓரிடத்தில் நின்றமையைக் கண்டான். பெரும்பாலோர் அவனது வாக்குறுதிகளை ஏற்றுக் கலைந்தனர். இறுதிவரை ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தோர் 80 நீக்ரோக்களும் 20 ஆங்கிலேயரும் ஆவர். அவர்களைப் படகிலேற்றி, கப்பலின் பீரங்கிகளை அவர்கள்மீது திருப்பியே அவன் பணியவைத்தான்.

இந்த நூறு பேரே வேர்ஜீனியாப் பெருநிலக்காரரின் அச்சத்துக்கு உருக்கொடுத்தோர். பின்வந்த முப்பது ஆண்டுகளின் சட்டங்களை வரிசைப்படுத்திப் படிக்கும்பொழுது அவ்வச்சம் எவ்வாறு கையாளப்பட்டது என்பது புலனாகும். 1691 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, நீக்ரோவையோ முலாட்டோவையோ செவ்விந்தியரையோ மணக்கும் 'ஆங்கிலேய அல்லது பிற வெள்ளை' ஆணும் பெண்ணும் மூன்று மாதத்துள் நாடுகடத்தப்பட வேண்டும் என்றது. ஒல்லாந்தரையும் ஸ்கொத்லாந்தரையும் ஆங்கிலேயரையும் ஒன்றாய் அள்ளி வைப்பதற்கு வேண்டிய சொல் இவ்வாறு வேர்ஜீனியாவின் சட்டத்தினுள் நுழைந்தது. அது நுழைந்த வாயில் மணவிலக்கு என்பது மனங்கொள்ளத்தக்கது.

1705 இன் சட்டத்தொகுதி இன்னும் விரிவானது. கிறித்தவ வெள்ளைப் பணியாளரை ஆடை களைந்து கசையால் அடிப்பதற்கு இனிமேல் நீதவானின் ஆணை வேண்டும். தவணை முடிந்த ஆண் பணியாளனுக்கு எசமான் பத்துப் புசல் சோளமும் முப்பது ஷில்லிங்கும் இருபது ஷில்லிங்குக்குக் குறையாத துப்பாக்கி ஒன்றும் கொடுத்தல் வேண்டும். பெண் பணியாளுக்குப் பதினைந்து புசல் சோளமும் நாற்பது ஷில்லிங்கும். மறுபுறத்தில், நீக்ரோவோ முலாட்டோவோ செவ்விந்தியரோ, அடிமையாயினும் சுதந்திரராயினும், வெள்ளைக் கிறித்தவர்மீது கையோங்கினால் முப்பது கசையடி. அடிமைகள் வளர்த்த குதிரை, மாடு, பன்றி ஆகியவற்றைப் பறித்து விற்று, கிடைக்கும் பணத்தைக் கோயிற்பற்றின் ஏழைகளுக்குச் செலவிட வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. அந்த ஏழைகள் யாரென்பதைச் சொல்லத் தேவையில்லை. பெருநிலக்காரரின் நிலத்தில் ஓர் அங்குலமும் குறையாமல், அடிமையின் பன்றியை எடுத்து வறிய வெள்ளையனுக்குக் கொடுத்தமை அச்சட்டத்தின் நுட்பமாகும். துப்பாக்கியும் சோளமும் பெற்றவனுக்கு நல்ல நிலம் கிட்டிற்றா என்பது வேறு கதை.

இவையனைத்தும் முன்கூட்டியே தீட்டப்பட்ட சதித்திட்டமா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. 1968 இல் வெளிவந்த நூலில் வின்த்ரொப் ஜோர்டன், இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய மனப்பதிவுகளின் வலிமையை எடுத்துக்காட்டினார். 1975 இல் எட்மண்ட் மோர்கன், வெள்ளையரிடையே நிலவிய சுதந்திர உணர்வும் கறுப்பரின் அடிமைத்தனமும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தமையை நிறுவினார். 1994 இல் தியடோர் அலன், வெள்ளை இனம் என்பதே உழைப்பாளர் ஒற்றுமையைக் குலைப்பதற்கான ஆளும் வர்க்க ஏற்பாடு என வாதிட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த பணியாளர் தொகை குறைந்ததும், அடிமை வணிகம் பெருகியதும் ஆகிய பொருளியற் காரணங்களையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. என் கருத்தில், திட்டமிட்ட நோக்கம் இருந்ததா என்ற வினா அத்துணை முதன்மையானதன்று. சட்டமொன்று இயற்றப்பட்டபின் அது தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகின்றது. இயற்றியவரின் மனத்தில் இருந்தது யாது என்பது அதன் பயனைத் தீர்மானிப்பதில்லை.

இனி, வறிய வெள்ளையர் அவ்வேற்பாட்டை ஏன் தமதாக்கிக் கொண்டனர் என்ற வினா எழுகின்றது. இங்கேதான் எம்மவருட் சிலர் எளிய விடையொன்றுடன் நின்றுவிடுகின்றனர். முதலாளிகள் தொழிலாளரைப் பிரித்தாண்டனர், தொழிலாளர் ஏமாந்தனர் என்பது அவ்விடை. மார்க்ஸ் இத்துணை எளிதாகக் கூறவில்லை. 1870 ஏப்ரலில் எழுதிய கடிதமொன்றில் அவர் இங்கிலாந்துத் தொழிலாளிக்கும் அயர்லாந்துத் தொழிலாளிக்கும் இடையிலான பகைமையை ஆராய்கின்றார். ஆங்கிலத் தொழிலாளி அயர்லாந்துக்காரனை நோக்குமிடத்துத் தன்னை ஆளும் தேசத்தின் உறுப்பினனாக உணர்கிறான் என்றும், அம்மனப்பாங்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் வறிய வெள்ளையர் கறுப்பரிடம் கொண்ட மனப்பாங்கை ஒத்தது என்றும் அவர் எழுதினார். 'உணர்கிறான்' என்பது ஈண்டு முக்கியமானது. அவ்வுணர்வு வெறும் மாயையாக இருந்திருப்பின் ஓரிரு வேலைநிறுத்தங்களிலேயே கரைந்திருக்கும்.

இதனை முழுமையாக விளக்கியவர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் ஆவார். 1935 இல் வெளிவந்த 'அமெரிக்காவிற் கறுப்பின மீள்கட்டுமானம்' என்ற அவரது பெருநூல், உள்நாட்டுப் போரையும் அதன் பின்னரான ஆண்டுகளையும் உழைப்பாளர் வரலாறாக எழுதியது. தென்மாநில வெள்ளைத் தொழிலாளி பெற்ற கூலி மிகக் குறைவானது. ஆனால் அக்கூலியுடன் சேர்த்து அவன் இன்னொன்றையும் பெற்றான் என்கிறார் டு போய்ஸ். அதனைப் பொதுவாழ்விலும் உளத்திலும் கிடைக்கும் ஒருவகைக் கூலி என அவர் விளக்கினார். வெள்ளையன் என்பதனால் அவனுக்குப் பொதுவிடங்களில் மரியாதை கிடைத்தது. பூங்காக்களும் நல்ல பாடசாலைகளும் திறந்திருந்தன. பொலிஸார் அவனது கூட்டத்திலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டனர். அவனது வாக்கை நாடிய நீதிமன்றம் அவனிடம் மென்மையாக நடந்துகொண்டது. இவை கற்பனையல்ல, நாள்தோறும் கைக்கு வருவன. ஆயின் இவற்றால் அவனது உண்மைக் கூலி உயரவில்லை. கறுப்பனை இன்னும் மலிவாக வைத்திருக்க முடிந்தமையால் இருவரது கூலியும் தாழ்ந்தே கிடந்தது. கருத்துநிலைக்குப் பொருளாயத அடிப்படை உண்டு என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. 1991 இல் டேவிட் ரோடிகர் தமது நூலுக்குத் தலைப்பிட்டபோது இக்கூலி என்ற கருத்தையே எடுத்துக்கொண்டார்.

டு போய்ஸ் கோட்பாடாகக் கூறியதைப் பல்லாண்டுகளின் முன்னரே தம் உடலில் அநுபவித்தவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாக இருந்த காலத்திற் பால்ட்டிமோர் கப்பற்கட்டுந் துறையொன்றில் அவர் வேலைக்கு விடப்பட்டார். அங்கே வெள்ளைத் தச்சரும் சுதந்திரக் கறுப்பின தச்சரும் அருகருகே உழைத்து வந்தனர். திடீரென ஒருநாள் வெள்ளைத் தச்சர், கறுப்பருடன் வேலை செய்யோம் எனக் கருவிகளைக் கீழே வைத்தனர். டக்ளஸ் தாக்கப்பட்டு ஒரு கண்ணையே இழக்கும் நிலைக்கு ஆளானார். பல வெள்ளையர் பார்த்து நின்றனர். சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கறுப்பனின் சாட்சியம் வெள்ளையனுக்கு எதிராகச் செல்லுபடியாகாது. 1845 இல் எழுதிய முதற் சுயசரிதையில் இதனை நிகழ்ச்சியாக விவரித்த டக்ளஸ், பத்தாண்டுகளின் பின் எழுதிய இரண்டாவது சுயசரிதையில் அதன் காரணத்தை ஆராய்கின்றார். அடிமை தன் உழைப்பின் முழுப்பயனையும் ஒரே எசமானிடம் பறிகொடுக்கிறான்; வெள்ளைத் தொழிலாளியோ கூலியின்றி உழைக்கும் அடிமையுடன் போட்டியிட வேண்டியிருப்பதனால் அடிமை முறை முழுவதாலும் கொள்ளையிடப்படுகிறான்; அக்கொள்ளையை அவன் காணாதிருக்கவே கறுப்பன்மீதான வெறுப்பு ஊட்டப்படுகின்றது என்பது அவரது முடிவு. தம்மை அடித்தவர்களின் வர்க்க நிலையை அடிபட்டவர் இவ்வளவு நிதானமாக ஆராய்ந்தமை உலக இலக்கியத்திலேயே அருமையான ஒன்று.

அயர்லாந்துக் குடியேறிகளின் கதை இதனோடு ஒட்டியது. தாய்நாட்டில் அவர்கள் ஆங்கில நிலப்பிரபுக்களால் நசுக்கப்பட்ட கத்தோலிக்கக் குடியானவர். அமெரிக்காவிலும் தொடக்கத்தில் அவர்களைப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் வாலில்லாக் குரங்காகவே தீட்டின. டானியல் ஓ'கொனல் உட்பட ஏறத்தாழ 60,000 பேர் அயர்லாந்திலிருந்து ஒப்பமிட்டு, அமெரிக்க வாழ் ஐரிஷ் மக்கள் அடிமை ஒழிப்பாளருடன் இணையவேண்டுமென விடுத்த வேண்டுகோள் 1842 இல் பொஸ்டன் நகரில் வாசிக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த வரவேற்பு மிகக் குறைவு. துறைமுகத்திலும் சுரங்கத்திலும் கறுப்பருடன் போட்டியிட்டவர்களுக்கு வாக்குரிமையும் கட்சி ஆதரவும் வெள்ளையர் என்ற வாயிலினூடாகவே கிட்டின. 1863 ஜூலையில் நியூயோர்க் நகரில் கட்டாய இராணுவச் சேவைக்கு எதிராகக் கலகம் வெடித்தது. 300 டொலர் செலுத்தக்கூடிய செல்வன் அச்சேவையிலிருந்து தப்பலாம்; ஏழை தப்ப முடியாது. நியாயமான வர்க்கக் கோபம் அது. ஆனால் அக்கோபம், இருநூறுக்கு மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகள் வாழ்ந்த அநாதை இல்லத்தை முதல் நாளிலேயே எரித்தது. குழந்தைகள் பின்வாயிலால் வெளியேற்றப்பட்டுத் தப்பினர். தெருக்களில் அகப்பட்ட கறுப்பர் பலர் தப்பவில்லை.

மாற்றுச் சான்றுகள் இல்லாமலில்லை. பிலடெல்பியாத் துறைமுகத்தில் 1913 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் கறுப்பரும் ஐரிஷ்காரரும் கிழக்கைரோப்பியரும் ஒரே தொழிற்சங்கத்தில் இயங்கினர். பென் பிளெச்சர் என்ற கறுப்பினத் தொழிலாளி அதன் தலைவர்களுள் முதன்மையானவர். ஆகவே இனவுணர்வு வெள்ளைத் தொழிலாளியின் பிறவிக்குணம் என்ற வாதமும் ஏற்புடைத்தன்று. ஆயினும் அரசும் சந்தையும் வெள்ளையர் என்ற கூலியைத் தொடர்ந்து வழங்கிக்கொண்டிருந்தன. பயிர்த்தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் விலக்கி வைத்த 1935 இன் சமூகக் காப்புச் சட்டத்தால் கறுப்பினத் தொழிலாளருட் பெரும்பான்மையினர் வெளியே நின்றனர். 1934 இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளில் கடனுக்கு உத்தரவாதம் அளிக்க மறுத்தது. போர் முடிந்தபின் நியூயோர்க்குக்கு அண்மையில் எழுந்த லெவிற்றவுன் வீடமைப்பின் குத்தகைப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கலாகாது என்ற வாசகம் இருந்தது. இத்தாலியரும் யூதரும் பிற குடியேறிகளின் பிள்ளைகளும் அத்தகைய புறநகர் வீடுகளிலேயே முற்றான வெள்ளையராயினர். கூலி இங்கே வீடாகவும் பரம்பரைச் சொத்தாகவும் உறைந்துவிட்டது. அதனாற்றான் 1968 இல் வீடமைப்பில் இனப்பாகுபாடு தடைசெய்யப்பட்ட பின்னரும் செல்வ இடைவெளி பேரனுக்கும் பேத்திக்கும் கடத்தப்பட்டு வருகின்றது.

வரலாற்றாசிரியர் ஆவணங்களாற் காட்டுவதை ஆற்றல்மிக்க புனைகதையாசிரியன் ஒரு காட்சியிற் காட்டிவிடுகிறான். மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலைச் சிறுவர் கதையாகச் சுருக்கிப் படித்தவர்கள், ஆறாம் அத்தியாயத்தில் ஹக்கின் தந்தை குடிவெறியிற் பேசும் பேச்சை அறிந்திருக்க மாட்டார்கள். அவன் ஊரிலேயே கடையன், எழுத்தறியாதவன், மகன் படிப்பதையே பொறுக்காதவன், மகனின் பணத்தைப் பறிக்க அலைபவன். அவனது முகத்தின் வெண்மையை ட்வெயின் அழகாக வருணிக்கவில்லை. மீன் வயிற்றின் வெளிறலோடு ஒப்பிட்டுக் காண்போர் அருவருக்கச் செய்கிறார். அத்தகையவன் அரசாங்கத்தைத் தூற்றுகிறான். காரணம், ஒஹாயோவிலிருந்து வந்த சுதந்திரக் கறுப்பினப் பேராசிரியர் ஒருவரைக் கண்டமையே. அவர் தூய மேற்சட்டையும் தங்கச் சங்கிலிக் கடிகாரமும் அணிந்தவர். பல மொழிகள் அறிந்தவர். அதைவிட, தமது மாநிலத்தில் வாக்களிக்கும் உரிமையுடையவர். இதனைக் கேட்டதும் தான் இனி ஒருபோதும் வாக்களிக்கப் போவதில்லை என்கிறான் குடிகாரன். அவனிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்து மதிப்பிழந்துவிட்டது. டு போய்ஸ் பக்கங்களில் விளக்கிய கூலியின் கணக்கு இக்காட்சியில் முழுமையாக உள்ளது.

1894 இல் வெளிவந்த 'புடன்ஹெட் வில்சன்' கலையமைதியில் இதனிலுங் குறைந்த நாவல். கருத்தளவில் இன்னுங் கூர்மையானது. ரொக்சானா என்ற அடிமைப்பெண்ணிடம் பதினாறில் ஒரு பங்கே கறுப்பு இரத்தம். அவளது குழந்தைக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எசமானின் குழந்தைக்கும் தன் குழந்தைக்கும் தோற்றத்தில் வேறுபாடு காணமுடியாதிருப்பதால் அவள் இருவரையும் தொட்டிலில் மாற்றிவிடுகிறாள். இருபது ஆண்டுகளுக்குமேல் எவரும் அறியவில்லை. ஈற்றில் கைரேகை உண்மையை வெளிப்படுத்துகிறது. வெள்ளையனாக வளர்ந்தவன் அடிமையெனத் தெரிந்ததும் கடன்காரரின் உடைமையாகி விற்கப்படுகிறான். அடிமையாக வளர்ந்தவனோ செல்வனாகிறான். ஆனால் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; பேச்சும் நடையும் அடிமைக் குடியிருப்பினருடையவை. வெள்ளையரின் வரவேற்பறையில் அவன் நடுங்குகிறான்; சமையற்கட்டில் மாத்திரமே ஆறுதல் அடைகிறான். நாவலின் பிற பாத்திரங்களைப் பின்தொடரும் ட்வெயின் இவனைப் பற்றி ஒரு பந்தியுடன் நிறுத்திவிடுகிறார். அமெரிக்கப் புனைகதையில் வெள்ளையன் என்ற பாத்திரம் கறுப்பனின் நிழலைக் கொண்டே வார்க்கப்பட்டது என 1992 இல் டொனி மொரிசன் எழுதியபோது வேறு நாவல்களையே அவர் பெரிதும் எடுத்துக்கொண்டார். இந்த ஒரு பந்தியும் அவரது வாதத்துக்கு வலுச்சேர்க்கக் கூடியது.

எமக்கு அண்மையிலுள்ள சான்றொன்றை இறுதியாக நோக்கலாம். 1790 இன் குடியுரிமைச் சட்டம், 'சுதந்திர வெள்ளை மனிதர்' மாத்திரமே அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்றது. 1870 இல் ஆபிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டனர். ஆசியர் எங்கே நிற்பது? நீதிமன்றங்கள் 'வெள்ளை' என்பதற்கு வரைவிலக்கணம் கூறவேண்டியவையாயின. 1909 இல் ஆர்மீனியர் வெள்ளையரெனத் தீர்ப்பாயிற்று. 1915 இல் சிரியர். ஜப்பானிற் பிறந்து இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்த தகாவோ ஒசாவா, தம் மேனி பல ஐரோப்பியரின் மேனியைவிட வெண்மையானது என வாதிட்டார். 1922 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதனை நிராகரித்தது. வெள்ளை என்பது மேனி நிறமன்று, கொக்கேசிய இனத்தையே அது குறிக்கும் என்றார் நீதியரசர் சதர்லாந்து.

மூன்று மாதங்களின் பின் அதே நீதியரசரின் முன் பகத் சிங் திண்ட் நின்றார். அமிர்தசரஸ் பகுதியிற் பிறந்த இச் சீக்கியர் 1913 இல் அமெரிக்கா சென்று ஓரிகன் மாநில மர ஆலைகளில் உழைத்தவர்; 1918 இல் அமெரிக்கப் படையிற் சேவை செய்தவர்; பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த கதர் இயக்கத்தினருடன் தொடர்புடையவர். அன்றைய இனநூலார் வட இந்தியரைக் கொக்கேசியருள் அடக்கியிருந்தனர். ஆகவே முந்திய தீர்ப்பின்படி தாமும் வெள்ளையரே என்பது திண்டின் வாதம். 1923 பெப்ரவரியில் சதர்லாந்து தம் அளவுகோலை மாற்றிக்கொண்டார். கொக்கேசியர் என்ற சொல்லின் அறிவியற் பொருள் பொருட்டல்ல. சாதாரண மனிதன் எவரை வெள்ளையர் எனக் கொள்கிறானோ அவரே வெள்ளையர் என்றார். நிறமும் பயன்படவில்லை, அறிவியலும் பயன்படவில்லை. சாதாரண மனிதன் என்றால் சாதாரண வெள்ளை மனிதன் என்பதே பொருளாகையால், வெள்ளையர் எவரை ஏற்கிறார்களோ அவரே வெள்ளையர் என்றாயிற்று. ஏற்கெனவே வழங்கிய குடியுரிமைகளும் பறிக்கப்பட்டன. குடியுரிமையையும் அதனோடு சொத்துரிமையையும் இழந்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற வணிகர் 1928 இல் தற்கொலை செய்துகொண்டார்.

இவ்வழக்கு நூல்களில் இனவெறியின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் கூறப்படுகின்றது. அது உண்மையே. ஆனால் திண்டின் சார்பில் முன்வைக்கப்பட்ட வாதத்தின் ஒரு பகுதி பெரும்பாலும் விடுபட்டு விடுகின்றது. மணவுறவைப் பொறுத்தவரையில், இந்தியாவின் உயர்சாதியினர் அந்நாட்டின் ஆதிக்குடிகளை நோக்கும் முறையும் அமெரிக்க வெள்ளையர் நீக்ரோவை நோக்கும் முறையும் ஒன்றே எனவும், ஆகவே உயர்சாதி இந்தியர் வெள்ளையரின் வரிசையில் நிற்கத் தகுதியுடையோர் எனவும் அங்கே கூறப்பட்டது. 1691 இல் வேர்ஜீனியாவிற் சட்டமாகிய அதே மணவிலக்கை இருநூற்று முப்பது ஆண்டுகளின் பின் ஓர் இந்தியர் தமக்குரிய தகைமைச் சான்றாக நீட்டுகிறார். அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்களோடு நின்ற ஒருவர், சாதியை வெள்ளைமைக்கு ஈடாக வைத்துக் குடியுரிமை கேட்கிறார். மொழிநூல் தந்த 'ஆரியர்' என்ற பெயர் இரத்தத்தின் பெயராக உருமாறியமையின் விளைவுகளை இலங்கையில் வாழும் எமக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. திண்டின் நேர்மையை ஐயுறுவது என் நோக்கமன்று. வேறு வாயில் அவருக்குத் திறந்திருக்கவில்லை. எனினும் வெள்ளைமை என்னும் கூலி வெளியே நிற்பவரையும் எவ்வாறு தன் கணக்கின்படி பேசவைத்தது என்பதை அவரது மனு காட்டுகின்றது.

இந்தியருக்குக் குடியுரிமை 1946 இல் அனுமதிக்கப்பட்டது. குடியுரிமைச் சட்டத்தின் இனத் தடை 1952 இல் முற்றாக நீங்கியது. வேர்ஜீனியாவின் கலப்புமணத் தடையை உயர் நீதிமன்றம் 1967 இல் நீக்கியது. மத்திய கிழக்கினரையும் வட ஆபிரிக்கரையும் அதுவரை வெள்ளையருள் அடக்கிய அரச வகையீட்டைத் திருத்தி, அவர்களுக்குத் தனிவகை வகுப்பதென 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு முடிவு செய்தது. பகத் சிங் திண்ட் 1936 இல் நியூயோர்க்கில் மீண்டும் குடியுரிமை பெற்றார். முதலாம் உலகப் போரிற் சேவை செய்தோருக்கு இன வேறுபாடின்றிக் குடியுரிமை வழங்கும் சட்டமொன்று அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறியிருந்தது. விண்ணப்பம் போர்வீரர் என்ற வகையிலேயே ஏற்கப்பட்டது.